கேட்கும் அரசு: கையூட்டுக்கு எதிரான பன்னாட்டுச் சட்டமும் சுவிற்சர்லாந்தும்

முன்னுரை

சூரிச் மாநகரின் தெற்கு எல்லையை ஒட்டிச் சீல் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த சிறுநகர் அட்லிஸ்வில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நெசவால் வளர்ந்த ஊர் இது. கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் நெசவாலை மூடப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதன் வெற்றுக் கூடங்களில், எல்லை கடந்து வந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். அரை நூற்றாண்டு கழித்து, 1994இல், இன்னோர் அகதிச் சமூகம் இதே ஊரின் ஆற்றங்கரையில் சிவசுப்பிரமணியர் ஆலயத்தை நிறுவியது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் சுவிற்சர்லாந்தில் இன்று ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர். அவர்களுடைய வழிபாடு, மொழிக்கல்வி, தலைமுறை மாற்றம் ஆகியவை பற்றிய ஆய்வுகளில் அட்லிஸ்வில் ஆலயம் இடம்பெறுவதுண்டு.

அதே ஊரில் தொடருந்து ஏறுபவர் அரைமணி நேரத்துக்குள் சூரிச்சின் வங்கித் தெருக்களை அடைந்துவிடுவார் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து இருவகை வரவுகள் சுவிஸ் நாட்டை நோக்கி வந்தன. தம் அரசுக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் ஒருவகை. தம் அரசின் கருவூலத்திலிருந்து சுரண்டி அனுப்பப்பட்ட பணம் மற்றொரு வகை. இரண்டையும் திருப்பி அனுப்பும்படி பிறந்த நாட்டு அரசு கேட்கும்போது, சுவிஸ் நீதிமன்றத்தின் முன் எழுந்த வினா ஒன்றே: கேட்கும் அரசு நம்பத்தக்கதா? பொதுப்பணத்தைச் சுரண்டுவோருக்கு எதிராகப் பன்னாட்டுச் சட்டம் வளர்ந்த வரலாற்றை இந்த வினாவின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவின் போபர்ஸ் வழக்கு இதன் நடுவே நிற்கிறது.

மறைபொருளும் அதன் விதிவிலக்கும்

1934ஆம் ஆண்டின் சுவிஸ் வங்கிச் சட்டம், அதன் 47ஆம் பிரிவில், வாடிக்கையாளர் பற்றிய செய்தியை வெளியிடும் வங்கி அலுவலரைக் குற்றவாளியாக்கியது. பல நாடுகளில் உடன்பாட்டின் பாற்பட்ட கடமையாக இருந்த ஒன்று, இங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆயினும் இம்மறைப்பு முழுமையானதன்று. குற்றவியல் விசாரணையில் நீதித்துறை கேட்டால் வங்கி பேசியாக வேண்டும். கேட்பது வெளிநாட்டு நீதித்துறையாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் இருந்தது. 1973இல் அமெரிக்காவுடன் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. பின்னர் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக, குற்றவியல் விடயங்களில் பன்னாட்டு உதவி வழங்கும் கூட்டாட்சிச் சட்டம் 1981 மார்ச்சில் இயற்றப்பட்டு 1983 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு கருதத்தக்கது. வெளிநாட்டில் நடக்கும் வழக்கு மனித உரிமை நெறிகளுக்கு முரணானது என்றோ, ஒருவரை அவருடைய அரசியற் கருத்து, இனம், சமயம், நாட்டினம் ஆகியவற்றின் பொருட்டு ஒடுக்கும் நோக்குடையது என்றோ கருத இடமிருந்தால் உதவி மறுக்கப்படும். அகதியைக் காக்கும் அதே அறக்கோட்பாடு இங்கே கணக்குடையவருக்கும் காப்பாகிறது. நாட்டைச் சுரண்டிய தலைவர் ஒருவர் பதவி இழந்ததும் முதலில் சொல்லும் சொல் ‘அரசியல் பழிவாங்கல்’ என்பதை நினைத்தால், இக்காப்பு எத்தனை முறை வேண்டப்பட்டிருக்கும் என்பது விளங்கும். அதனை நீக்கிவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை. அது பொய்யாக வேண்டப்பட்டது போலவே மெய்யாகவும் வேண்டப்பட்டிருக்கிறது.

அக்காலத்தில் வெளிநாட்டு அலுவலருக்குக் கையூட்டு அளிப்பது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் குற்றமே அன்று. மேற்கு செருமனியில் அத்தொகையை வணிகச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடிந்தது. லாக்கீட் விமான நிறுவனம் சப்பான், நெதர்லாந்து முதலிய நாடுகளில் பணம் கொடுத்தமை 1976இல் அம்பலமான பின்னர், 1977இல் அமெரிக்கா மட்டும் இதனைக் குற்றமாக்கிற்று. மற்ற நாடுகள் அவ்வழியில் வர இருபது ஆண்டுகள் ஆயின.

1986 மார்ச் 24

இவ்வரலாற்றில் ஒரு நாள் தனித்து நிற்கிறது. பிலிப்பைன்சு அதிபர் பெர்டினன்ட் மார்கோஸ் மக்கள் எழுச்சியால் நாட்டைவிட்டு வெளியேறி ஒரு மாதமே ஆகியிருந்தது. அவர் தம் சுவிஸ் கணக்குகளிலிருந்து பணத்தை எடுக்க முயல்கிறார் என்ற செய்தி எட்டியதும், சுவிஸ் கூட்டாட்சிப் பேரவை அரசியலமைப்பு தனக்களித்த அதிகாரத்தைக் கொண்டு அவருடைய சொத்துகளை முடக்கியது. வெளிநாட்டு வேண்டுகோள் ஏதும் வந்துசேருமுன் அந்நாட்டு அரசு தானே இவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. முடக்க ஆணையின் நாள் 1986 மார்ச் 24.

அதே நாளில் புதுதில்லியில் இந்திய அரசும் ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனமும் 410 ஹோவிட்சர் பீரங்கிகளுக்கான 1437 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. இடைத்தரகர் எவரும் இல்லை என்பது இந்தியா விதித்த நிபந்தனை. ஆனால் இங்கிலாந்தில் பதிவான ஏ.இ. சர்வீசஸ் என்னும் சிறு நிறுவனத்துடன் போபர்ஸ் முந்தைய நவம்பரிலேயே ஓர் உடன்பாடு செய்திருந்தது. 1986 மார்ச் 31க்குள் ஒப்பந்தம் கைகூடினால் அதன் மதிப்பில் மூன்று விழுக்காடு தரகு என்பது அதன் சாரம். கெடுவுக்கு ஏழு நாள் முன்னதாகவே ஒப்பந்தம் கைகூடிற்று. செப்டெம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 73 இலட்சம் டொலர் சூரிச்சில் இருந்த நோர்ட்பினான்ஸ் வங்கிக்கு வந்தது. அம்மாதத்திலேயே அதன் பெரும்பகுதி ஜெனீவாவுக்கு, கோல்பார் என்னும் பெயரிலான கணக்குக்கு நகர்ந்தது. வேறு தரகுத்தொகைகள் ஜெனீவாவின் பிற கணக்குகளுக்குச் சென்றன. அவற்றுள் சில கொடுப்பனவுகளுக்கு லோட்டஸ், ட்யூலிப், மோன் பிளாங் என்று மறைபெயர்கள் இடப்பட்டிருந்தன. இருமலர்ப் பெயரும் ஒருமலைப் பெயருமாக அமைந்த இத்தேர்வில் ஏதோ ஓர் அழகுணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

மார்கோஸ் விவகாரத்தில் அரசு கேட்காமலே பூட்டப்பட்ட கதவு, போபர்ஸ் விவகாரத்தில் அரசு கேட்டும் பல ஆண்டுகள் திறக்கவில்லை. இதற்குச் சுவிஸ் வங்கி மறைப்பை மட்டும் காரணங் காட்டுவது வழக்கம். ஆவணங்களின் போக்கைத் தொடர்ந்து பார்த்தால் அக்காரணம் போதாது என்று தெரிகிறது.

கோரிக்கையும் பின்வாங்கலும்

1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி இக்கையூட்டுச் செய்தியை ஒலிபரப்பியது. அந்நாட்டுத் தணிக்கைத் துறை அதே ஆண்டு சூனில் கொடுப்பனவுகள் நடந்தமையை உறுதிசெய்தது. இந்தியாவில் அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் கூட்டுக்குழுவை எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் புறக்கணித்தன. சங்கரானந்த் தலைமையிலான அக்குழு 1988 ஏப்ரலில் அளித்த அறிக்கை, தரகு வழங்கப்பட்டதற்குச் சான்றில்லை என்று முடித்தது. அதனோடு உடன்படாமல் மாறுபட்ட குறிப்பு எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் தமிழ்நாட்டின் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழக உறுப்பினர் ஆலடி அருணா. அவருடைய கட்சி அன்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சி என்பதையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டும். தமிழ்நாட்டு அரசியல் வரலாறுகள் இந்நிகழ்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுவது பொருத்தமாகப் படவில்லை.

குழு மறுத்ததை ஏடுகள் ஆவணங்களோடு வெளியிட்டன. சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழுக்காக ஜெனீவாவில் இருந்த செய்தியாளர் சித்ரா சுப்பிரமணியம் திரட்டிய வங்கித்தாள்களும் ஒப்பந்தப் படிகளும், 1988 முதல் அவ்விதழில் படவடிவிலேயே அச்சிடப்பட்டன. இவ்வெளியீட்டில் என். ராம் உடன்பணியாற்றினார். ஆவணங்களை அளித்தவர் ஸ்வீடன் காவல்துறையின் விசாரணைத் தலைவராக இருந்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012இல்தான் அவர் வாயாலேயே உலகுக்குத் தெரிந்தது. 1989 இறுதியில் இதழாசிரியர் தொடரை நிறுத்தியதும் சித்ரா சுப்பிரமணியம் வேறு ஏடுகளில் எழுதலானார். அரசுகளிடையே சட்டம் இயங்கத் தொடங்குமுன், மூன்று நாடுகளின் தனிமனிதர் சிலரே அதன் வேலையைச் செய்திருந்தனர் எனலாம்.

1989இல் ஆட்சி மாறியது. 1990 சனவரி 22 அன்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. சுவிஸ் அதிகாரிகள் சில நாட்களிலேயே கணக்குகளை முடக்கினர். பெப்ரவரியில் தில்லிச் சிறப்பு நீதிமன்றம் சுவிற்சர்லாந்துக்கு வேண்டுகோள் மடல் அனுப்பியது. இந்தியாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே இத்தகைய உதவிக்கான கடிதப் பரிமாற்றம் 1989இலேயே முடிந்திருந்தமையால் வழி திறந்தே இருந்தது.

வேண்டுகோள் மடலின் இயல்பைச் சற்று விளக்குவது தேவை. ஒரு நாட்டு நீதிமன்றம் மற்றொரு நாட்டு நீதிமன்றத்தைப் பார்த்து, ‘எமக்குத் தேவையான சான்றை உம் எல்லைக்குள் திரட்டித் தருக’ என்று கேட்பது அது. கேட்கப்படும் குற்றம் இருநாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும். கணக்குக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு காட்டப்பட வேண்டும். கேட்கும் நாட்டில் அவ்வழக்கு உயிரோடு இருக்க வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையைத்தான் எதிர்த்தரப்பு குறிவைத்தது. வேண்டுகோளைச் சூரிச்சிலோ ஜெனீவாவிலோ எதிர்ப்பதைவிட, தில்லியிலேயே வழக்கின் உயிரைப் பறிப்பது எளிது அல்லவா? 1990 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் முதல் தகவல் அறிக்கையை ஏன் நீக்கக்கூடாது என்று தாமாகவே வினவினார். உச்ச நீதிமன்றம் 1991 ஆகத்தில் குறுக்கிட்டு அதனைத் தள்ளும்வரை சுவிஸ் நடவடிக்கைகள் தேங்கின.

இதனினும் வியப்பானது 1992 பெப்ரவரியில் நிகழ்ந்தது. தாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மாநாடு நடந்தபோது, இந்திய வெளியுறவு அமைச்சர் மாதவ்சிங் சோலங்கி, சுவிஸ் வெளியுறவு அமைச்சர் ரெனே பெல்பரிடம் கையொப்பமில்லாத ஒரு குறிப்பைக் கொடுத்தார். இந்தியாவில் நடந்த விசாரணைகள் பயன் தரவில்லை என்பது அதன் பொருள். நாட்டின் நீதிமன்றம் கேட்டதை அந்நாட்டின் அமைச்சரே வேண்டாம் என்றதற்கு ஒப்பான செயல் இது. செய்தி வெளிப்பட்டதும் அவர் மார்ச் இறுதியில் பதவி விலகினார். குறிப்பைத் தம்மிடம் தந்தவர் ஒரு வழக்கறிஞர் என்று மட்டும் கூறினார். பெயரைச் சொல்லவில்லை. சுவிஸ் தரப்போ அக்குறிப்பால் நடவடிக்கையை நிறுத்தவில்லை.

1993 சூலையில் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கணக்குடையோரின் முறையீடுகளைத் தள்ளியது. முறையிட்டவர்களின் பெயர்ப்பட்டியல் இந்தியாவை எட்டிய சில நாட்களில், அதில் இடம்பெற்ற இத்தாலிய வணிகர் ஒட்டாவியோ குவத்ரோக்கி இந்தியாவை விட்டு வெளியேறினார். எஞ்சிய முறையீடுகள் முடிய மேலும் மூன்றரை ஆண்டுகள் ஆயின. 1997 சனவரியில் பேர்ண் நகரில் ஏறத்தாழ 500 பக்க ஆவணங்கள் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. மடல் சென்று ஏழாண்டுகள் கழிந்திருந்தன. முறையீட்டு வாய்ப்புகளைக் குறைத்துத் திருத்தப்பட்ட சுவிஸ் உதவிச் சட்டம் அடுத்த மாதமே, 1997 பெப்ரவரி 1இல், நடைமுறைக்கு வந்தது. தாமதத்தின் தீமையைச் சுவிஸ் சட்டமன்றமும் உணர்ந்திருந்ததற்கு இத்திருத்தம் சான்று.

ஆவணம் வந்துசேர்ந்தபின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1999 அக்டோபரில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2004 பெப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், மறைந்த இராசீவ் காந்தி உள்ளிட்ட பொது ஊழியர் மீதான கையூட்டுக் குற்றச்சாட்டுகளை நீக்கியது. 2005 மே 31இல் இந்துஜா உடன்பிறப்புகள் மீதான குற்றச்சாட்டுகளும் நீக்கப்பட்டன. ஸ்வீடனிலிருந்து பெற்ற தாள்களின் மூலங்களோ முறைப்படி சான்றுறுதி பெற்ற படிகளோ முன்வைக்கப்படவில்லை என்பது அத்தீர்ப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. எல்லையைக் கடந்து வந்த தாள்கள், முத்திரை இன்மையால் நீதிமன்ற வாயிலில் நின்றுவிட்டன. புலனாய்வுத் துறை உரிய காலத்தில் மேல்முறையீடு செய்யவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர் ஒரு தனி வழக்கறிஞர். அத்துறை 2018இல் தாக்கல் செய்த முறையீட்டை, 4,500 நாட்களுக்கு மேற்பட்ட தாமதத்தைக் காட்டி, அவ்வாண்டு நவம்பர் 2இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இலண்டனிலும் இதே போக்கு. குவத்ரோக்கியின் இரு கணக்குகள் 2003இல் இந்தியாவின் வேண்டுகோளால் முடக்கப்பட்டிருந்தன. இந்திய அரசின் சட்ட அலுவலர் ஒருவர் இலண்டன் சென்று, சான்றில்லை என்று தெரிவித்தபின், 2006 சனவரியில் முடக்கம் நீங்கியது. நிலைமையை மாற்றாதிருக்க இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது பணம் எடுக்கப்பட்டிருந்தது. 2007இல் அர்ஜென்டினா அவரைக் கைது செய்தது. இந்தியா அளித்த தாள்கள் போதா என்று அந்நாட்டு நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்ததோடு, வழக்குச் செலவையும் இந்தியாவே ஏற்கும்படி கூறியது. 2011 மார்ச்சில் தில்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அதற்கு இரு மாதம் முன்னர் வெளியான வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆணை, தரகுத்தொகை அவருக்கும் போபர்ஸின் இந்தியப் பிரதிநிதி வின் சத்தாவுக்கும் சென்றது என்று கூறி, அதற்கு வரி கணக்கிட்டது. ஒரே நாட்டின் ஒரு மன்றம் வரி விதிக்கத்தக்க வருமானம் எனக் கண்டதை, மற்றொரு மன்றம் குற்ற வழக்காகத் தொடர இயலாது எனக் கண்டது. சட்டவியலார்க்கு இதில் முரண் இல்லாமல் இருக்கலாம். வரி செலுத்தும் குடிமக்களுக்கு அதனை விளக்குவது எளிதன்று.

கேட்க இயலாத அரசு

போபர்ஸ் வழக்கின் முற்பகுதியில் குறையாக இருந்தவை பலவற்றை 1990களும் அதன்பின் வந்த ஆண்டுகளும் நிரப்பின. சுவிற்சர்லாந்து 1990இல் பணச்சலவையைக் குற்றமாக்கியது. 1997 டிசம்பரில் கையொப்பமான பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உடன்படிக்கை, வெளிநாட்டு அலுவலருக்குக் கையூட்டு அளிப்பதை உறுப்பு நாடுகளில் குற்றமாக்கக் கட்டளையிட்டது. சுவிஸ் குற்றவியற் சட்டத்தில் அது 2000 மே மாதம் முதல் இடம்பெற்றது. ஐக்கிய நாடுகளின் ஊழலுக்கு எதிரான சமவாயம் 2003 அக்டோபர் 31 அன்று ஏற்கப்பட்டு, 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சுரண்டப்பட்ட சொத்தைத் திருப்பியளிப்பது இதன் அடிப்படைக் கோட்பாடு என்று 51ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 2004 மார்ச்சில் கையொப்பமிட்டு அதே மாதத்தில் ஏற்புறுதியும் செய்தது. சுவிற்சர்லாந்து 2009இலும் இந்தியா 2011இலும் ஏற்புறுதி செய்தன.

இச்சமவாயத்தின் 52ஆம் உறுப்புரை, உயர்பதவியினரின் கணக்குகளோடு அவர்களுடைய குடும்பத்தினர், நெருங்கியோர் கணக்குகளையும் கூர்ந்து நோக்கப் பணிக்கிறது. தமிழாய்வாளர்க்கு இது புதிய கருத்தன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய தாய்வழி, தந்தைவழி உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் ஆக்கியது. பொதுப்பணம் உறவின் வழியே ஒளியும் என்பதைப் பத்தாம் நூற்றாண்டின் ஓர் ஊர்ச்சபை அறிந்திருந்தது. ஆனால் அச்சபை தன் எல்லைக்குள் தானே கேட்டது. எல்லைக்கு அப்பால் கேட்க வேண்டிய நிலையில் அரசே நலிந்திருந்தால் என் செய்வது?

எயிட்டி நாட்டின் வழக்கு இவ்வினாவைக் கூர்மையாக்கியது. ஜோன் குளோட் துவாலியே 1986இல் அந்நாட்டைவிட்டு ஓடியபின், சுவிற்சர்லாந்தில் முடக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 60 இலட்சம் டொலர். எயிட்டியின் நீதித்துறை வழக்கை நடத்தும் நிலையில் இல்லை. கால வரம்பு கடந்துவிட்டதால் உதவி வழங்க இயலாது என்று சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தீர்ப்பின் நாள் 2010 சனவரி 12. அதே நாளில் நிலநடுக்கம் எயிட்டித் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. அந்நாட்டுக்காக உலகமே நிதி திரட்டும் வேளையில் அந்நாட்டின் பணத்தைச் சுரண்டியவர் குடும்பத்துக்கே விடுவிக்க நேரும் என்பதை எந்த அரசும் பொறுக்காது. கூட்டாட்சிப் பேரவை மீண்டும் சொத்தை முடக்கியது. 2011 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், கேட்கும் நாட்டின் நீதித்துறை சிதைந்திருந்தால் சுவிஸ் அரசே பறிமுதல் வழக்குத் தொடுக்க வழிசெய்தது. பதவிக்காலத்தில் ஒருவரின் செல்வம் அளவிறந்து பெருகியிருந்து, அந்நாட்டில் ஊழல் மலிந்திருந்தமையும் அறியப்பட்டிருந்தால், அச்செல்வம் முறைகேடானது என்ற ஊகம் எழும். நேர்மையாக ஈட்டியது என்று காட்டும் சுமை உடையவர் மேல் விழும். 2016 சூலை முதல் இதனை விரிவாக்கிய சட்டம் இயங்குகிறது.

எனினும் இவ்விரிவாக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆட்சியாளர் பதவி இழந்த பின்னரோ, இழப்பது உறுதி என்ற நிலையிலோதான் கூட்டாட்சிப் பேரவை முன்னெச்சரிக்கையாகச் சொத்தை முடக்கலாம். பதவியில் உறுதியாக அமர்ந்திருப்பவரின் சொத்தை இச்சட்டம் தீண்டாது. அவர் நாட்டு அரசு கேட்க வேண்டும். அவ்வரசு அவரே.

இலங்கையும் புலம்பெயர்ந்தோரும்

இலங்கையில் இலஞ்சச் சட்டம் 1954ஆம் ஆண்டினது. இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய சார்த்துதல்களைப் புலனாய்வு செய்வதற்கான ஆணைக்குழு 1994இல் சட்டவழி அமைந்தது. அட்லிஸ்வில் ஆலயம் எழுந்ததும் அதே ஆண்டே. குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிக்கான சட்டம் 2002இல் வந்தது. ஏட்டளவில் இலங்கை தெற்காசியாவில் முந்திநின்ற நாடு. ஆயினும் அந்நாட்டின் பெரிய கையூட்டு விவகாரம் ஒன்று உறுதியான வடிவில் வெளிப்பட்டது கொழும்பில் அன்று. 2020 சனவரி 31 அன்று இலண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் நிறுவனம் ஒப்புக்கொண்ட செய்திகளுள், ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் விமானக் கொள்வனவும் ஒன்று. அந்நிறுவனத்தின் உயரலுவலர் ஒருவருடைய மனைவியின் கம்பனிக்கு 1 கோடி 68 இலட்சம் டொலர் வரை உறுதியளிக்கப்பட்டு, 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டிருந்தது. உறவின் வழியே ஒளியும் பணம் பற்றி உத்திரமேரூரார் எண்ணியது நினைவுக்கு வரும். பல நாடுகளில் நடந்த இத்தகைய செயல்களுக்காக எயார்பஸ் செலுத்த இசைந்த ஏறத்தாழ 360 கோடி ஈரோ, பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று அரசுகளின் கருவூலங்களுக்குச் சென்றது. இழப்பைச் சுமந்த மக்களின் நாடு அவ்வுடன்பாட்டில் ஒரு தரப்பு அன்று.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருளும் மருந்தும் இன்றி நாடு தவித்தபோது, அட்லிஸ்வில் போன்ற ஊர்களில் கூலி ஈட்டுவோர் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பிய சிறுதொகைகள் பல குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தன. 2023 நவம்பர் 14 அன்று இலங்கை உயர் நீதிமன்றம், இராசபக்ச உடன்பிறப்புகள் மூவரும் வேறு சில உயரலுவலரும் பொது நம்பிக்கையை மீறிப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாயினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுவந்தோர் குடிமக்களும் ஒரு குடிமக்கள் அமைப்பும் ஆவர். அரசு அன்று. அவ்வாண்டிலேயே புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டமும், 2025இல் குற்றத்தின் வழி ஈட்டிய சொத்தைக் கைப்பற்றும் சட்டமும் இயற்றப்பட்டன. பேர்ணுக்கோ இலண்டனுக்கோ வேண்டுகோள் விடுக்கும் கருவிகள் இப்போது கொழும்பின் கையில் உள்ளன.

சுவிஸ் தமிழர் இவ்வேண்டுகோள்களை எவ்வாறு நோக்குவர் என்பது எளிய வினா அன்று. கேட்கும் அரசை நம்ப முடியாது என்பதே அவர்கள் புகலிடம் பெற்றதன் அடிப்படை. சுவிஸ் அதிகாரிகள் 2013இல் குடும்பத்தோடு திருப்பியனுப்பிய தமிழர் ஒருவர் இலங்கையில் தடுத்துவைக்கப்பட்டு வதைபட்டார். அவர் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 சனவரியில் சுவிற்சர்லாந்து சமவாயத்தின் மூன்றாம் உறுப்புரையை மீறியது என்று தீர்த்தது. மனிதரைக் கேட்கும்போது ஐயத்தோடு ஆராய வேண்டிய அரசு, பணத்தைக் கேட்கும்போது மட்டும் நம்பத்தக்கது ஆகிவிடுமா? ஆகாது என்று சொல்லிப் பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டால், அது போய்ச் சேர்வது சுரண்டியவரிடமே. அப்பணம் தென்னிலங்கை மக்களுடையது போலவே வடகிழக்கு மக்களுடையதும் ஆகும்.

இவ்விடுக்கணுக்குச் சுவிஸ் நீதிமன்றம் முன்னர் ஒரு வழி கண்டதுண்டு. 1997 டிசம்பரில் அது மார்கோஸ் பணத்தைப் பிலிப்பைன்சு அரசிடம் நேரே கொடுக்கவில்லை. மூன்றாம் தரப்பின் காப்புக் கணக்கில் வைத்து, அந்நாட்டு நீதிமன்றம் நேர்மையான விசாரணைக்குப் பின் தீர்ப்பளிக்கும்வரை காக்க ஆணையிட்டது. மார்கோஸ் ஆட்சியில் வதைபட்டோரின் உரிமையையும் கருத்திற் கொண்டது. 2003 சூலையில் பிலிப்பைன்சு உச்ச நீதிமன்றம் 65 கோடி டொலருக்கு மேற்பட்ட அத்தொகையை அரசுடைமை ஆக்கியது. அதன்பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்து, 2013 பெப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் அதிலிருந்து 1,000 கோடி பெசோவைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கியது. விண்ணப்பித்தோர் 75,000க்கு மேற்பட்டோர். கைது, வதை, காணாமற்போதல் என ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டு ஆராய்ந்த வாரியம், 11,103 பேரை ஏற்றுப் பட்டியலிட்டது. அவர்களுட் பலர் அப்போது உயிரோடில்லை. அவர்கள் பங்கைப் பிள்ளைகள் பெற்றுக்கொண்டனர்.